உள்நாட்டு கன்டெய்னர் முனையம்: நிலம் இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது, எந்த கிரேன் வாங்கலாம்?

#1 மேட்டுநிலம்

வணக்கம். இத்தனை நாளாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை. நானும் மூன்று கூட்டாளிகளும் சேர்ந்து உள்நாட்டு கன்டெய்னர் முனையம் ஒன்று தொடங்கலாம் என்று இருக்கிறோம். கையில் 12 ஹெக்டேர் நிலம். ஓரத்தில் பழைய சரக்கு சைடிங் (முதன்மைப் பாதையிலிருந்து பிரியும் கிளைத் தடம்) ஒன்று கிடக்கிறது. துருப்பிடித்துப் போயிருந்தாலும் முதன்மைப் பாதையோடு இணைப்பு அறுபடவில்லை. துறைமுகம் ரயிலில் 350 கிலோமீட்டர். சுற்றுவட்டார ஆலைகள் எல்லாம் பெட்டியை டிரெய்லரில்தான் அனுப்புகின்றன. துறைமுக வாசலில் வண்டி நாள்கணக்கில் நிற்கிறது என்று புலம்பாத ஆள் இல்லை.

கேள்வி இதுதான். ரீச் ஸ்டேக்கர் (பெட்டியைத் தூக்கி அடுக்கும் வண்டி) இரண்டு போதுமா, ஆரம்பத்திலேயே கேன்ட்ரி கிரேனுக்கு (அடுக்குகளுக்கு மேலே வாயில் மாதிரி நிற்கும் பெரிய கிரேன்) போய்விடலாமா? தரைக்கு காங்கிரீட்டா, பேவர் கல்லா? கிரேன் விற்பவர்கள் தினமும் கூப்பிடுகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 பழைய யார்டுக்காரன்

தம்பி, பெண் பார்க்கும் முன்னாலேயே சீமந்தத்துக்கு நாள் குறிக்கிறீர்கள். கிரேன் கடைசி. அது பணம் கொடுத்தால் வந்து நிற்கும். பணம் கொடுத்தாலும் வராதவற்றை முதலில் பாருங்கள்.

உங்கள் ஆலைக்காரர் ஒருவர் நாளைக் காலையில் வந்து, “எனக்கு இருபதடிப் பெட்டி ஆறு வேண்டும், இன்றைக்கே ஸ்டஃபிங் (சரக்கேற்றம்)” என்று கேட்டால், அந்த ஆறு காலிப் பெட்டிகள் எங்கிருந்து வரும்? இதற்குப் பதில் இருந்தால் உங்களிடம் முனையம் இருக்கிறது. இல்லையென்றால் வேலி போட்ட மைதானம்தான் இருக்கிறது.

நான் வேலை பார்த்த யார்டு ஒன்றில் எல்லாமே பளபளப்பாக இருந்தது. எடைமேடை, குளிர்பெட்டிக்கு மின் இணைப்பு, கேமரா, எதற்கும் குறை இல்லை. காலிப் பெட்டி மட்டும் இல்லை. ஏற்றுமதியாளர் வந்து கேட்பார், நாங்கள் துறைமுகத்திலிருந்து காலியாக ஏற்றி வருவோம். 350 கிலோமீட்டருக்குக் காற்றைச் சுமந்து வருகிற செலவை யார் தலையில் கட்டுவது? கொஞ்ச நாள் நாங்கள் தாங்கினோம். அப்புறம் ஏற்றுமதியாளர் தலையில் வைத்தோம். அவர் மறுபடி டிரெய்லர்காரரிடமே போய்விட்டார்.

#3 மேட்டுநிலம்

அண்ணா, அந்தப் பக்கம் இறக்குமதியும் வருகிறது. இயந்திர பாகம், பிளாஸ்டிக் மணி, வீட்டு உபயோகப் பொருள் எல்லாம் வருகிறது. அந்தப் பெட்டிகள் காலியானால் ஏற்றுமதிக்கு அவற்றையே கொடுத்துவிடலாமே?

#4 பழைய யார்டுக்காரன்

கொடுக்கலாம், பெட்டி ஒத்துப்போனால்.

இருபதடிப் பெட்டி உள்ளே சுமார் 33 கன மீட்டர். நாற்பதடி சுமார் 67. இடம் இரு மடங்கு, ஆனால் தாங்கும் எடை இரு மடங்கு இல்லை. இரண்டிலும் சரக்கு எடை 26, 28 டன் என்று பக்கத்துப் பக்கத்தில்தான் வரும். அதனால் கல், தாதுப்பொடி, தானியம், இரும்பு மாதிரி கனமான சரக்கை அனுப்புகிறவர் இருபதடிதான் கேட்பார். பஞ்சு, பொம்மை, நாற்காலி, மின்விசிறி மாதிரி இடத்தை அடைக்கும் சரக்கு நாற்பதடியில், அதிலும் உயரப் பெட்டியில் வரும். உள்நாட்டுப் பகுதி பலவற்றில் இந்தப் பொருத்தம் கோணலாகத்தான் இருக்கிறது. வருவது நாற்பதடி, போவது இருபதடி. யார்டில் காலி நாற்பதடி மலை மாதிரி கிடக்கும், இருபதடிக்கு ஆள் வரிசையில் நிற்பார்கள். இரண்டும் ஒரே நாளில் நடக்கும்.

அளவு ஒத்துப்போனாலும் பெட்டி உங்களுடையது இல்லை, கப்பல் நிறுவனத்துடையது. ‘அ’ லைன் பெட்டியில் வந்த சரக்கை இறக்கிவிட்டு, அதை ‘ஆ’ லைனில் முன்பதிவு செய்தவருக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது.

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஆலை ஆலையாகப் போங்கள். மூன்று மாதத்துக்கு வந்த பெட்டி, போன பெட்டி, அடி அளவு, லைன், எடை, மாதத்தில் எந்த வாரம். இந்த ஆறு கட்டம் போதும். கிரேன்காரர் கொடுக்கும் வண்ணப் புத்தகத்தைவிட அந்த நோட்டு அதிகம் பெறும்.

#5 நூல்கண்டு

ஏற்றுமதி செய்கிறவள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்களுக்கு உள்நாட்டு முனையம் வேண்டும்தான். ஆனால் ஒரு முறை சூடு பட்டிருக்கிறோம்.

உள்நாட்டு முனையம் ஒன்றில் சரக்கை ஏற்றி, சுங்கச் சோதனை முடித்து, சீல் வைத்து ரயிலில் அனுப்பினோம். துறைமுகத்தில் பெட்டியை நிறுத்திவிட்டார்கள். காகிதத்தில் ஒரு சீல் எண், கதவில் வேறு எண். என்ன நடந்தது என்றால், முனையத்தில் முதலில் போட்ட சீல் சரியாகப் பூட்டவில்லை என்று ஊழியர் ஒருவர் அதை வெட்டிவிட்டு வேறொன்று போட்டிருக்கிறார். பதிவேட்டில் மாற்றவில்லை. பெட்டியைத் திறந்து மறுபடி சோதித்தார்கள், கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலுக்கு ஒன்பது நாள். வாங்குகிறவர் அன்றிலிருந்து எங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு வரிதான் பதில் போடுகிறார்.

ரீச் ஸ்டேக்கர் எத்தனை டன் தூக்கும் என்று நான் கேட்கவே மாட்டேன். சீல் பதிவேட்டை யார் எழுதுகிறார் என்றுதான் கேட்பேன்.

#6 முத்திரை

சுங்க முகவராக இருக்கிறேன். நூல்கண்டு சொன்னது அடிக்கடி நடக்கிறது. உயர்பாதுகாப்பு சீலுக்கு ஐஎஸ்ஓ 17712 என்று தரம் இருக்கிறது. தரமான போல்ட் சீலை வாங்கிவிட்டு எண்ணைத் தப்பாக எழுதினால், யானை வாங்கியவன் அங்குசத்தைத் தொலைத்த கதைதான்.

மேட்டுநிலம், சுங்கத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லையே. சுங்க அந்தஸ்து இல்லாத இடம் சரக்கு யார்டு, அவ்வளவுதான். முனையம் என்று பெயர் வர வேண்டுமானால், துறைமுகத்தில் இறங்கிய இறக்குமதிப் பெட்டி வரி கட்டாமலே, சீல் உடையாமலே உங்கள் இடம் வரைக்கும் வந்து, அங்கே வரி கட்டி விடுபட வேண்டும். உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிமையாக்க ஒப்பந்தம் 2017 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 9-ஆவது பிரிவே இதற்குத்தான். நுழைவு அலுவலகத்திலிருந்து உள்நாட்டில் உள்ள வேறொரு சுங்க அலுவலகத்துக்கு, சுங்கக் கட்டுப்பாட்டிலேயே, சரக்கை நகர்த்த இயன்ற அளவு அனுமதிக்க வேண்டும் என்கிறது. “இயன்ற அளவு” என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் இடத்தில் அலுவலகம் போடுவார்களா, அதிகாரி முழுநேரமா, வாரத்தில் இரண்டு நாளா என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடக்கம்.

அப்புறம், பாதுகாவலர் பொறுப்பு. சுங்கம் பெட்டியை உங்கள் கையில் ஒப்படைத்த பிறகு அதிலிருந்து சரக்கு காணாமல் போனால், வரியை உங்களிடம் கேட்பார்கள். அதற்குப் பிணைப்பத்திரம், காப்பீடு, வேலி, கேமரா, தனிக் கிடங்கு, பறிமுதல் சரக்குக்குப் பூட்டிய அறை எல்லாம் வேண்டும். யாரும் வந்து எடுக்காத பெட்டி என்று ஒரு இனம் இருக்கிறது. இறக்குமதியாளர் ஓடிவிடுவார், பெட்டி வருடக்கணக்கில் உங்கள் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். ஏலம் போடும் வரை வாடகை வராது, பெட்டி வேண்டும் என்று லைன் மட்டும் நச்சரிக்கும்.

சுங்கம் மட்டும் வந்தாலும் போதாது. பயிர்ப் பாதுகாப்பு அதிகாரி, உணவுத் தர மாதிரி எடுப்பவர் என்று இவர்களும் உங்கள் இடத்துக்கு வரவில்லை என்றால், விதை, பருப்பு, மரம் எல்லாம் துறைமுகத்திலேயே நிற்கும். மரத் தட்டில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (மரத்தில் பூச்சி இல்லாதபடி பதப்படுத்தியதற்கான அடையாளம்) இல்லை என்ற ஒரே காரணத்துக்கு முழுப் பெட்டி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்தது இயந்திரம்.

#7 ஓட்டுநர்மகன்

எல்லோரும் ரயில் ரயில் என்கிறீர்கள். டிரெய்லர் ஆலை வாசலில் ஏற்றினால் துறைமுக வாசலில்தான் இறக்குகிறது. உள்நாட்டு முனையம் வந்தால், ஆலையிலிருந்து முனையத்துக்கு ஒரு வண்டி, அங்கே ஒரு தூக்கு, ரயிலில் ஒரு தூக்கு, துறைமுகத்தில் மறுபடி ஒரு தூக்கு. ஒவ்வொரு தூக்குக்கும் ஒரு கட்டணம், ஒரு காத்திருப்பு, பெட்டி நசுங்க ஒரு வாய்ப்பு. 350 கிலோமீட்டருக்கு இது கட்டுமா? இரவு கிளம்பினால் விடியலில் துறைமுகம். என் அப்பா அதைத்தான் முப்பது வருஷம் செய்தார்.

#8 தண்டவாளம்

நியாயமான கேள்வி. தூரம் குறையக் குறைய தூக்குக் கூலி ரயிலின் லாபத்தைத் தின்றுவிடும். ஆனால் தூரத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

அமெரிக்காவில் வர்ஜீனியா உள்நாட்டுத் துறைமுகம் 1989-இல் ஃப்ரண்ட் ராயல் என்ற ஊரில் தொடங்கியது. கடல் துறைமுகத்திலிருந்து சுமார் 350 கிலோமீட்டர், அதாவது உங்கள் தூரமே. தென் கரோலினாவின் கிரீர் 2013-இல் வந்தது, சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து சுமார் 340 கிலோமீட்டர். இரண்டும் ஓடுகின்றன. இரண்டையும் நடத்துவது அந்தந்தத் துறைமுக ஆணையமே. துறைமுகக்காரரே முதலாளி என்பதால் ரயிலில் வந்த பெட்டியை யார்டு மூலையில் ஒதுக்க மாட்டார்கள். கிரீருக்குப் பக்கத்திலேயே பிஎம்டபிள்யூ ஆலை இருந்தது, முதல் நாளே கைநிறைய சரக்கு. ஃப்ரண்ட் ராயல் பக்கம் நாளடைவில் பெரிய விநியோகக் கிடங்குகள் வந்து குவிந்தன. இறக்குமதிப் பெட்டி அங்கேயே காலியாகிறது. யார்டுக்காரர் கேட்ட காலிப் பெட்டிக் கேள்விக்குப் பதில் அங்கே கிடைத்துவிட்டது.

தாய்லாந்தில் லாட் கிராபாங் இதற்கு எதிர்த் திசை. 1996-லிருந்து இயங்குகிறது, லேம் சபாங் துறைமுகத்துக்கு 120 கிலோமீட்டர் அளவுக்குத்தான் தூரம். ரயில் இணைப்பு இருந்தும் நிறையப் பெட்டிகள் சாலையில்தான் போகின்றன. ஆனாலும் முனையம் நிரம்பி வழிகிறது, ஏனென்றால் சரக்கு முதலாளிகள் எல்லாம் பாங்காக்கைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். சுங்க வேலை வீட்டுப் பக்கத்திலேயே முடிகிறது.

#9 தண்டவாளம்

இதைத் தனியாக எழுதுகிறேன். மேட்டுநிலம், உங்கள் சைடிங் நீளம் எத்தனை மீட்டர்?

ஐரோப்பாவில் 740 மீட்டர் சரக்கு ரயிலை இலக்காக வைத்து பாதைகளைத் திருத்துகிறார்கள். உங்கள் நாட்டு ரயில் எவ்வளவு நீளமோ அந்த முழு நீளமும் ஏற்றும் தடத்தில் நிற்க வேண்டும், எஞ்சின் கழன்று வெளியேற வழியும் வேண்டும். தடம் பாதி நீளம்தான் என்றால் ரயிலை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை உள்ளே தள்ளி, ஏற்றி, இழுத்து, மறு பாதியைத் தள்ளி... ஒரு ஷிஃப்ட் அதிலேயே போய்விடும். வேகன் நின்ற நேரத்துக்கு ரயில்வே வாடகை போடும்.

ஏற்றும் தடத்துக்கு மேலே மின்கம்பி இருக்கக் கூடாது. மேலிருந்து பெட்டியைத் தூக்குகிறீர்கள், கம்பி குறுக்கே நிற்கும். அதனால் மின் எஞ்சின் வாசலோடு நின்றுவிடும், உள்ளே இழுக்க டீசல் எஞ்சின் வேண்டும். அது உங்களுடையதா ரயில்வேயுடையதா, ராத்திரி இரண்டு மணிக்கு ஓட்ட ஆள் உண்டா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

#10 மேட்டுநிலம்

சைடிங் 410 மீட்டர். இன்று போய் அளந்தேன். (பதில் தெரியும், திட்ட வேண்டாம்.)

#11 தண்டவாளம்

திட்டவில்லை. பக்கத்து நிலம் யாருடையது?

#12 லைன்_ஆள்

கப்பல் நிறுவன அலுவலகத்தில் வேலை. எங்கள் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன்.

உங்கள் இடத்தைப் போய்ச்சேரும் இடமாகவோ, சரக்கை ஏற்றுக்கொள்ளும் இடமாகவோ எங்கள் பில் ஆஃப் லேடிங்கில் (சரக்கை ஏற்றுக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) எழுதினால்தான் நீங்கள் எங்கள் கணக்கில் இருக்கிறீர்கள். அதற்கு முதலில் ஐ.நா.வின் இடக்குறியீடு வேண்டும். ஐந்து எழுத்து, முதல் இரண்டு நாடு, மற்ற மூன்று இடம். அதில் அந்த இடம் என்ன வேலைக்கு என்று எண்ணும் உண்டு. 1 என்றால் துறைமுகம், 2 ரயில், 3 சாலை, 6 என்றால் உங்களை மாதிரி பலவழிப் போக்குவரத்து முனையம். குறியீடு இல்லாத இடத்தை எங்கள் கணினி முன்பதிவுத் திரையிலேயே காட்டாது. இது ஏதோ சின்ன விஷயம் என்று விட்டவர்கள், கட்டடம் எழும்பிய பிறகு இதற்காக அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, இலவச நாட்கள். பெட்டியை எடுத்த நாளிலிருந்து திருப்பிக் கொடுக்கும் நாள் வரை இத்தனை நாள் இலவசம், அதற்கு மேல் டெட்டன்ஷன், அதாவது தாமதக் கட்டணம். ரயில் வாரத்துக்கு ஒன்று என்றால் அந்த இலவச நாட்கள் தண்டவாளத்திலேயே கரைந்துவிடும். ‘காலிப் பெட்டியை உங்கள் முனையத்திலேயே திருப்பிக் கொடுக்கலாம்’ என்று லைன் ஒத்துக்கொண்டால் இறக்குமதியாளருக்கு அது பெரிய நிம்மதி. அந்த ஒரு வரியை எங்களிடமிருந்து எழுத்தில் வாங்குவதுதான் உங்கள் முதல் விற்பனை. அதற்கு நாங்கள் திருப்பிக் கேட்பது, அங்கே பெட்டியைக் கழுவ, பழுது பார்க்க, படம் எடுத்துப் பதிவு செய்ய ஆள் இருக்கிறதா என்பதுதான். அரிசி ஏற்றப் போகிற பெட்டியில் போன பயணத்து ரசாயன வாடை அடித்தால் கட்டாது.

#13 நூல்கண்டு

லைன்_ஆள், ஒரு சந்தேகம். எங்கள் ஒப்பந்தம் எல்லாம் எஃப்ஓபி, அதாவது கப்பலில் ஏற்றித் தருவது. உள்நாட்டு முனையத்தில் பெட்டியை ஒப்படைத்துவிட்டாலும் கப்பலில் ஏறும் வரை நஷ்டம் எங்களுடையது என்கிறார்கள். ரயில் கவிழ்ந்தாலும் எங்கள் தலையில்தானா?

#14 லைன்_ஆள்

எஃப்ஓபி என்று எழுதியிருந்தால் ஆமாம். அது கப்பல் பக்கவாட்டில் மூட்டை தூக்கிய காலத்து விதி. கன்டெய்னருக்கு எஃப்சிஏ போடுங்கள் என்று இன்கோடெர்ம்ஸே (விற்பவர், வாங்குபவர் பொறுப்புகளைப் பிரிக்கும் சர்வதேச விதிகள்) சொல்கிறது. அதில் முனையத்தில் போக்குவரத்தாளரிடம் ஒப்படைத்ததோடு உங்கள் பொறுப்பு தீரும்.

வங்கி ‘கப்பலில் ஏற்றியாயிற்று’ என்ற குறிப்போடு பில் ஆஃப் லேடிங் கேட்கும் என்பதால்தான் பலர் எஃப்ஓபியை விடுவதில்லை. அதற்கும் இன்கோடெர்ம்ஸ் 2020-இல் வழி வைத்தார்கள். அப்படிப்பட்ட பில்லை விற்பவருக்குத் தரும்படி, வாங்குபவர் தன் போக்குவரத்தாளரிடம் சொல்ல வேண்டும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ளலாம். எல்சி (வங்கிக் கடனுறுதிக் கடிதம்) வாசகத்தையும் பலவழிப் போக்குவரத்து ஆவணத்துக்கு ஏற்ற மாதிரி எழுதச் சொல்லலாம், எல்சிக்கான சர்வதேச விதிகளான யுசிபி 600-இல் 19-ஆம் பிரிவு அதற்குத்தான். வாங்குபவரிடம் பேசிப் பாருங்கள். ஒரு வரியில்தான் பதில் போடுவார் என்றாலும்.

#15 நூல்கண்டு

😄 சரி, கேட்டுப் பார்க்கிறேன்.

#16 நெடுவழி

இவ்வளவு யோசனை எதற்கு? அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டால் போதும். துறைமுகத்தில் இறங்கும் பெட்டி எல்லாம் ரயிலில்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டால் சரக்கு தானாக வரும்.

#17 தண்டவாளம்

கென்யாவில் சொல்லிப் பார்த்தார்கள். மொம்பாசா–நைரோபி புதுப் பாதை 2017-இல் திறந்தது, 2018 தொடக்கத்தில் சரக்கு ரயில் ஓட ஆரம்பித்தது. கடன் வாங்கிப் போட்ட பாதைக்குச் சரக்கு வேண்டுமே. இறக்குமதிப் பெட்டிகளை ரயிலில் ஏற்றி நைரோபி முனையத்தில்தான் விடுவிக்க வேண்டும் என்று ஆணை வந்தது. மொம்பாசாவிலேயே கிடங்கு வைத்திருந்தவர்கள், லாரிக்காரர்கள், பாதையோர ஊர்கள் எல்லாம் எதிர்த்தன. நைரோபி முனையம் திணறியது. அங்கே இறங்கிய பெட்டியைக் கிடங்குக்குக் கொண்டுபோக மறுபடி லாரிதான். கடைசியில் 2022 செப்டம்பரில் புது ஜனாதிபதி பதவியேற்ற அன்றே, சரக்கு விடுவிப்பு மொம்பாசாவுக்குத் திரும்பும் என்று அறிவித்தார்.

ரயில் இன்னும் ஓடுகிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆணையை நம்பி யார்டு போட்டவர், ஆணை போனால் என்ன செய்வார்?

கடலே இல்லாத நாட்டின் கதை வேறு. எத்தியோப்பியாவுக்கு 1993-க்குப் பிறகு கரை கிடையாது. பக்கத்து நாடான ஜிபூட்டியின் துறைமுகத்தில் இறங்குவதை உள்ளே இழுத்து, மோஜோ உள்நாட்டு முனையத்தில் விடுவிப்பது அவர்களுக்கு வேறு வழியில்லாத ஏற்பாடு.

#18 சரளைக்கல்

தரையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். சிவில் ஆள் நான், வரலாமா?

கன்டெய்னர் தன் அடிப்பரப்பு முழுவதும் தரையில் உட்காருவதில்லை. நான்கு மூலை வார்ப்புகள் அடிச்சட்டத்தைவிட 12.5 மில்லிமீட்டர் கீழே நீண்டிருக்கும், அவற்றில்தான் நிற்கிறது. ஒரு வார்ப்பின் அளவு 178-க்கு 162 மில்லிமீட்டர், உள்ளங்கையை விரித்து வைத்தால் கிட்டத்தட்ட மூடிவிடலாம். 30 டன் பெட்டி நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 120 டன், மூலைக்கு 30. அடுத்தடுத்த நான்கு அடுக்குகளின் மூலைகள் கிட்டக்கிட்ட வரும் இடத்தில் அந்தச் சின்ன வட்டாரத்தில் மட்டும் 120 டன் இறங்குகிறது. பேவர் கல் உள்ளே போகும், தார் வெயிலில் குழி விழும். பல யார்டுகளில் அடுக்கின் கீழே சரளைப் படுகையே போடுகிறார்கள். குழி விழுந்தால் சரளையை நிரவிவிடலாம், மழைநீரும் இறங்கிவிடும்.

ஆனால் சரளை மேல் ரீச் ஸ்டேக்கர் ஓடாது. அந்த வண்டியே காலியாக 70 டன் பக்கம் இருக்கும். முழுப் பெட்டியைத் தூக்கும்போது முன்அச்சில் மட்டும் 100 டன் வரை வரும். சாலை லாரியின் அச்சு எடையோடு ஒப்பிடவே முடியாது. ஆகவே ஸ்டேக்கர் என்றால் அது திரும்புகிற, ஓடுகிற இடம் முழுக்க கெட்டியான தரை வேண்டும், நிறைய இடமும் வேண்டும். ரப்பர் சக்கர கேன்ட்ரி என்றால் சக்கரம் ஓடும் கோடுகளுக்கு மட்டும் காங்கிரீட் போதும், பெட்டியை நெருக்கி அடுக்கலாம். விலை அதிகம், பிறகு நினைத்தபடி தளவமைப்பை மாற்ற முடியாது. சரக்கு எவ்வளவு என்று தெரியாத நிலையில் நான் ஸ்டேக்கர் பக்கம்தான். வேண்டாம் என்றால் விற்றுவிடலாம், வாடகைக்கும் எடுக்கலாம்.

மண் பரிசோதனை செய்துவிட்டீர்களா? பெயரில்தான் மேட்டுநிலம், பழைய ஏரி உள்வாய் இல்லையே?

#19 மேட்டுநிலம்

ஐயா, ஒரு மூலை கொஞ்சம் பள்ளம்தான். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். பரிசோதனை இன்னும் இல்லை.

எத்தனை பெட்டி தாங்கும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

#20 பழைய யார்டுக்காரன்

தரையில் 400 இருபதடிக் கட்டம் போடுகிறீர்கள் என்று வையுங்கள். சராசரி மூன்று அடுக்கு, 1,200. முழுக்க நிரப்பக் கூடாது, அடியில் மாட்டிய பெட்டியை எடுக்க மேலே உள்ளதை வைக்க இடம் வேண்டும். 65 விழுக்காடு என்றால் 780. ஒரு பெட்டி சராசரி 7 நாள் நின்றால், வருஷத்துக்கு 52 முறை சுழலும், சுமார் 40,000 பெட்டி. அதே யார்டில் பெட்டி 14 நாள் நின்றால் 20,000.

நிலம் அதே, கிரேன் அதே, தங்கும் நாள் மட்டும் மாறியது. அதனால்தான் முத்திரையும் லைன்_ஆளும் சொன்னவற்றை நான் இயந்திரத்துக்கு மேலே வைக்கிறேன். காகிதம் ஒரு வாரம் தாமதித்தால் பாதி நிலத்தை விற்றதற்குச் சமம்.

#21 முத்திரை

தீ பற்றிப் பேசாமல் இந்த இழை முடியக் கூடாது. 2022 ஜூன் 4 இரவு வங்கதேசத்தில் சிட்டகாங் அருகே சீதாகுண்டாவில் ஒரு உள்நாட்டு கன்டெய்னர் டிப்போ எரிந்தது. உள்ளே ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்த பெட்டிகள் வெடித்தன. சுமார் 50 பேர் இறந்தார்கள், அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களும் அதில் உண்டு. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று வாசலில் வந்து நின்றவருக்கு ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாத யார்டு எதுவானாலும் அந்த நிலையில்தான் இருக்கிறது.

ஆபத்துச் சரக்குக்கு தனித் தளம், வகைக்கு வகை இடைவெளி, யார்டுக்கு வெளியேயும் ஒரு பிரதியாக இருப்புப் பட்டியல். எரிவதைத் தூண்டும் சரக்கையும் எரியும் சரக்கையும் பக்கத்தில் வைக்கவே கூடாது. இன்னொன்று, புகைமருந்து போட்டு வந்த பெட்டியைக் கதவைத் திறந்த உடனே உள்ளே ஆள் நுழையக் கூடாது. எச்சரிக்கைத் தாள் ஒட்டாமலே வருவதும் உண்டு.

#22 லைன்_ஆள்

எடைமேடை பற்றியும் ஒரு வார்த்தை. 2016 ஜூலை 1 முதல் சரிபார்த்த மொத்த எடை கொடுக்காத ஏற்றுமதிப் பெட்டியைக் கப்பலில் ஏற்ற மாட்டோம், சோலாஸ் (கடல் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை) விதி. முனையத்தில் எடைச் சான்று கொடுத்தால் ஆலைக்காரர் தானாக வருவார். ஒரே டிரெய்லரில் இரண்டு இருபதடி வந்தால் மொத்தத்தை எடுத்து இரண்டாக வகுக்கிறார்கள் சிலர். அது கூடாது, ஒவ்வொன்றையும் தனியாக நிறுக்க வேண்டும்.

#23 ஓட்டுநர்மகன்

என் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை. முனையம் வந்தால் எங்கள் வண்டிகளுக்கு என்ன வேலை?

#24 பழைய யார்டுக்காரன்

ஆலையிலிருந்து முனையத்துக்கு 30 கிலோமீட்டர், ஒரு நாளில் மூன்று நடை. துறைமுக வாசலில் மூன்று நாள் நின்று ஒரு நடை ஓட்டுவதோடு கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. ஆனால் ஒன்று, முனைய வாசலில் வண்டியைக் காக்க வைத்தால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும். ஓட்டுநருக்குக் கழிப்பறையும் நிழலும் இல்லாத முனையத்துக்கு நல்ல ஓட்டுநர் வர மாட்டார், இதையும் படத்தில் வரைந்துவிடுங்கள் மேட்டுநிலம்.

#25 மேட்டுநிலம்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். நோட்டோடு சுற்றினோம். 22 ஆலைகள், 14 பேர் கணக்குக் காட்டினார்கள்.

யார்டுக்காரர் அண்ணா சொன்னது அப்படியே இருக்கிறது. போவதில் பெரும்பகுதி இருபதடி, கனமான சரக்கு. வருவதில் முக்கால்வாசி நாற்பதடி. மாதத்தின் கடைசி வாரத்தில் மட்டும் ஏற்றுமதி குவிகிறது, முதல் இரண்டு வாரம் ஈ ஓட்ட வேண்டியதுதான். வாரம் மூன்று ரயில் என்று கனவு கண்டோம், இந்தச் சரக்குக்கு ஒன்று நிறைந்தால் பெரிது. பக்கத்து நிலத்துக்காரர் விற்க மாட்டேன் என்றுவிட்டார், அதனால் சைடிங் 410 மீட்டரோடு நிற்கிறது.

ஆனால் ஒன்று தெரிந்தது. இறக்குமதி செய்கிற ஒன்பது பேரும் காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க 350 கிலோமீட்டர் வண்டி விடுகிறார்கள். ஏற்றுமதிக்காரர்கள் காலிப் பெட்டி எடுக்க அதே 350 கிலோமீட்டர் போகிறார்கள். எதிரும் புதிருமாகக் காலி வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

அதனால் ரயிலை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டோம். நிலத்தில் மூன்று ஹெக்டேரில் காலிப் பெட்டி யார்டு, கழுவும் தளம், பழுது பார்க்கும் கொட்டகை, எடைமேடை. இரண்டு லைன்களிடம் பேசியிருக்கிறோம். ஒன்று, காலியைத் திருப்பி எடுத்துக்கொள்ள எழுத்தில் சம்மதிக்கிறது, முதல் ஆறு மாதம் நாற்பதடி மட்டும். இன்னொன்று, இருபதடியைத் தாங்களே துறைமுகத்திலிருந்து சேர்த்து அனுப்ப முடிந்தால் பார்க்கலாம் என்கிறது. சுங்க அந்தஸ்துக்கு விண்ணப்பம் தயாராகிறது, முத்திரை அவர்களுக்குத் தனிமடல் போட்டிருக்கிறேன்.

கிரேன்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். காலிப் பெட்டி தூக்கும் சின்ன வண்டி ஒன்று வாடகைக்கு எடுக்கிறோம்.

#26 பழைய யார்டுக்காரன்

நல்லது. நாற்பதடி மட்டும் என்றால் உங்கள் ஏற்றுமதிக்காரருக்கு இப்போதைக்கு பாதிப் பயன்தான். அந்த இரண்டாவது லைனை விடாதீர்கள். அவர்களுக்கு எந்தச் சரக்கு இருபதடியில் உள்ளே வருகிறது என்று கேளுங்கள். ரசாயனமோ, டைல்ஸோ, ஏதோ ஒன்று இருக்கும். அந்த இறக்குமதியாளரைப் பிடித்தால் இருபதடி தானாக உங்கள் வாசலுக்கு வரும்.

#27 சரளைக்கல்

மூன்று ஹெக்டேர் எந்தப் பக்கம்? பள்ளமான மூலையைத் தொடவில்லையே?

#28 மேட்டுநிலம்

இல்லை ஐயா, சாலைப் பக்கம். பள்ளத்தில் கழுவும் தளத்துக் கழிவுநீர்த் தொட்டி வைக்கலாம் என்று இருந்தோம்.

#29 சரளைக்கல்

அங்கே வேண்டாம். மழையில் தண்ணீர் நிற்கும் இடம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எண்ணெயும் ரசாயனமும் கலந்த கழுவு நீர் முதல் மழையிலேயே தொட்டி நிரம்பி அடுத்த வயலுக்குப் போய்விடும். சமமட்டப் படம் (நிலத்தின் மேடுபள்ளம் காட்டும் வரைபடம்) ஒன்று எடுத்து அனுப்புங்கள், தொட்டிக்கு இடம் குறித்துத் தருகிறேன்.